நாலே கால் அங்குலச் சக்கரம்

ஒரு மனிதன் தன் குடும்பத்துக்குச் செய்த நன்மைகளுக்குச் சாட்சி கிடைப்பதில்லை. அவன் செய்த ஒரே ஒரு முட்டாள்தனத்துக்கோ சாட்சிகள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போகிறார்கள். என் விஷயத்தில், சம்பவம் நடந்தபோது பிறந்தே இராதவர்கள் கூட, "நாங்க அக்கரையில நின்னு பாத்துட்டுத்தானே இருந்தோம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். இதனால் கதையில் ஏகப்பட்ட பாடபேதங்கள் வந்துவிட்டன. டயர் இரண்டும் வெடித்தன என்று ஒரு பாடம். (வெடித்தது ஒன்று.) எருதுகள் மிரண்டு கரூர் வரைக்கும் ஓடின என்று ஒரு பாடம். (அவை கூப்பிடு தூரம் கூட ஓடவில்லை. சலிப்போடு நடந்துபோய், கோரைப் புல்லைக் கண்டு நின்றுவிட்டன.) நான் மணலில் உட்கார்ந்து அழுதேன் என்பது மூன்றாவது பாடம். அதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை. (வியாழன் என்று சொல்பவர்கள் முகூர்த்தத்தையும் இணைச்சீரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள். முகூர்த்தம்தான் வியாழன். இணைச்சீர் அதற்கு முந்தின மாலை.)

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரியின் வடகரையில் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் எங்கள் பிழைப்பு. என் மனைவி பாவாயி பிறந்த ஊர் நேர் எதிரே, தென்கரையில். நடுவில் ஆறு. தண்ணீர் இருக்கிற மாதங்களில் பரிசலில் போவோம். கோடையில் தண்ணீர் தென்கரையை ஒட்டி ஒரு வாய்க்காலாக ஒடுங்கிவிடும்; மீதி எல்லாம் மணல். அந்த மணலில் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் கத்தியைப் போல இறங்கும். நாலு எருது கட்டி, நாலு ஆள் தள்ளி, நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி, அப்புறம்தான் அக்கரை.

பாவாயிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, முத்துசாமி. தாய் படுத்த படுக்கையான பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிடுக்கில், மறு முனை அவள் கையில். சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் அந்த முனையை அவளிடம் கொடுப்பார். வாங்கியவள்தான் அந்த வீட்டுக்கு ஆயுள் முழுக்க இணைச்சீர்க்காரி. அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் சேலை அவளுக்கு. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டாலும், வந்து சேராவிட்டாலும், பங்காளி வீட்டில் அக்கா தங்கை முறை உள்ள ஒருத்தி நிற்கலாம்.

அந்த முறையில் ஒருத்தி இருந்தாள்: பாவாயியின் பெரியப்பன் மகள் செல்லாயி. பாவாயிக்கு ஒரு வயது இளையவள். அவளையும் எங்கள் கரையில்தான், அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சிறு வயதிலிருந்தே இருவருக்கும் நடுவில் ஒரு போட்டி. சட்டியில் கடைசியாக மிஞ்சிய வெல்லக் கச்சாயத்துக்கு ஆரம்பித்தது என்பார்கள். பாவாயி அந்த மாதம் முழுவதும் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, நீங்க எதைப் பண்ணுனாலும் பண்ணுங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள நான் எங்கூட்டு வாசல்ல இருக்கோணும். அந்த மொனையைச் செல்லாயி தொடக்கூடாது."

"தொடமாட்டாள்," என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதுமே தாராளம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சென்னையிலிருந்து வரும் ஒரு விவசாயப் பத்திரிகையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கத்து எரு விளம்பரம் வரை படிப்பேன். (எங்கள் ஊரில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகையால் நான் சொன்னதை மறுக்க ஆள் கிடையாது. இதுவே என் நாசத்துக்கு மூலகாரணம்.) யுத்த காலத்தில் பாலைவன மணலில் பட்டாளத்து லாரிகள் எப்படி ஓடின என்று அதில் ஒரு துண்டுச் செய்தி வந்திருந்தது. அகலமான பெரிய டயர் போட்டு, காற்றைக் குறைத்துவிட்டால் மணலில் புதையாதாம். படித்து முடித்தபோது எனக்குக் காவிரி சின்னதாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் மோட்டார் அச்சில் டயர் சக்கரம் மாட்டிய மாட்டு வண்டிகள் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. அவையெல்லாம் காருக்குப் போட்டுக் கழித்த சின்ன டயர்கள். ரோட்டுக்கு ஏற்றவை, மணலுக்கு ஆகாது. பட்டாளத்து லாரி டயரை மாட்டு வண்டியில் மாட்டி ஆற்றைக் கடக்கப் போகிற முதல் ஆள் நான்தான் என்று முடிவு செய்துகொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

சேலத்தில் ஒரு ராவுத்தர் பழைய மோட்டார்ச் சாமான் கடை வைத்திருந்தார். பட்டாளத்தார் ஏலம் விட்ட சாமான்களை வாங்கிக் கொட்டகையில் குவித்திருந்தார்.

"வாங்கண்ணே. பர்மா வரைக்கும் போய்ட்டு வந்த டயரு," என்று தட்டிக் காட்டினார்.

பெரிய டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டகையின் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அடியில் இருந்த இரண்டுக்கும் தேய்மானம் குறைவாக இருந்தது. அந்த இரண்டுதான் வேண்டும் என்றேன். மேலே இருந்ததையெல்லாம் இறக்கி, அவற்றை உருட்டி வந்தார்கள்.

இனிச் சக்கரம். கொட்டகையில் இரண்டு தினுசு இருந்தது. இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, பதினாறு அங்குலம். நான் வாங்கப்போகிற அச்சில் இரண்டுமே பொருந்தும். வேறுபாடு அகலத்தில் மட்டும்தான். ஒன்று ஏதோ ஒரு பழைய காரின் சக்கரம். டயர் உட்காரும் இடம் நாலே கால் அங்குல அகலம். மற்றது பட்டாளத்து லாரிச் சக்கரம், ஆறரை அங்குலம்.

நான் அளவுகோல் இல்லாமல் கடைக்குப் போகிறவன் அல்ல. சக்கரத்தைக் கவ்வும் டயரின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். நாலே கால் அங்குலம். திருப்பிப் போட்டு அளந்தேன். நாலே கால். அடுத்த டயரை அளந்தேன். அதுவும் நாலே கால்! காரின் சக்கரத்துக்கு அச்சில் வார்த்த மாதிரி. இயற்கையே எனக்குச் சாதகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாதக்கணக்காக ஒரு கொட்டகைப் பாரத்தைச் சுமந்துகொண்டு அடியில் நசுங்கிக் கிடந்ததால்தான் அந்த உதடுகள் அப்படி நெருங்கியிருந்தன என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு டயரின் அளவும் ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. இரண்டும் சேர்ந்துதானே நசுங்கின!

"இந்த டயரு வர்றப்ப அந்த அகலச் சக்கரத்துலதான் மாட்டி வந்துச்சுண்ணே. இடம் பத்தாம நான்தான் கழட்டி அடுக்கினேன்," என்றார் ராவுத்தர்.

"பட்டாளத்துக்காரனுக்கு இரும்பு இனாம். அகலமாத்தான் அடிப்பான்."

"அதுவும் சரிதான்."

"எங்க ஊர் இட்டேரியில் இந்த அகலச் சக்கரம் நுழையாது."

"அதுவும் சரிதான்." (அவருக்கு எல்லாம் சரிதான். நல்ல வியாபாரி.)

இட்டேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முட்டாள்தனத்தில் பாதிக்கு அதுதான் பொறுப்பு. எங்கள் தோட்டங்களிலிருந்து ஆற்றுக்குப் போகும் பாதை அது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் ஒரு வண்டி போகலாம். தலைமுறை தலைமுறையாக இரும்புப் பட்டைச் சக்கரங்கள் ஓடி ஓடி, தரையில் இரண்டு ஆழமான தடம் விழுந்திருக்கும். சக்கரம் அந்தத் தடத்துக்குள் இறங்கித்தான் போயாக வேண்டும். மணலில் மிதக்க அகலமான டயர் வேண்டும். இட்டேரித் தடத்தில் அடங்க ஒடுக்கமான சக்கரம் வேண்டும். ஒடுங்கிய சக்கரத்தில் பெரிய டயரை மாட்டினால், டயர் தடத்தில் ஒடுங்கி, மணலில் விரிந்துகொள்ளும் என்று நான் கண்டுபிடித்தேன். உலகத்தில் டயர் செய்கிற எந்தக் கம்பெனிக்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அவர்கள் ஊரில் இட்டேரி கிடையாது.

ஊரில் கொண்டுவந்து இறக்கியதும் எங்கள் வண்டி ஆசாரி டயரையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இது புதிது. ஆனால் கருத்து இல்லாமல் இருக்கிற வழக்கம் அவருக்கும் கிடையாது.

"சாமி, சக்கரம் ஒடுக்கமா இருந்தாத்தான் டயரை நல்லா இறுக்கிப் புடிச்சுக்குமுங்க. அகலமா இருந்தா லொடலொடன்னு ஆடுமுங்க."

நான் நினைத்ததையே அவரும் சொன்னதால், அவர் பெரிய அறிவாளி என்று தெரிந்துகொண்டேன்.

சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். முதலில் நான் அடித்தேன், பிறகு ஆசாரி, பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கடைசியில் டயர் எழுந்து நின்றது. நின்ற தோற்றம் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடி ஒடுங்கி, இரண்டு பக்கமும் பிதுங்கி, மேலே உருண்டு, பூசணிக்காயைச் சுருக்குப் போட்டுக் கட்டியது போல இருந்தது. தரையில் படவேண்டிய அகலம் முழுவதும் படாமல், நடுவில் ஒரு விரற்கடை மட்டும் பட்டது.

பாவாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வயிறு பெருசா இருக்குது, காலு சின்னதா இருக்குது. நிக்குமுங்களா?"

"பாரம் ஏறினால் சரியாகிவிடும்."

"நமக்கு மட்டும் பாரம் ஏறுனாச் சரியாயிருதாக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இட்டேரியில் ஓட்டிப் பார்த்தேன். அற்புதம்! தடத்தின் இரண்டு சுவர்களும் டயரைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டன. வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. டயரைத் தாங்கியது இட்டேரிதான், சக்கரம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? போய்த் திரும்பியதும் அக்கரைக்கு ஆள் அனுப்பினேன்: புதன்கிழமை சாயங்காலம் டயர் வண்டி வருகிறது, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆற்றங்கரையில் வந்து நிற்கலாம்.

செவ்வாய்க்கிழமை செல்லாயியின் கணவர், என் சகலை பழனியப்பன், வீட்டுக்கு வந்தார். சாது.

"நாளைக்கு வெடியால நாங்க கெளம்பறோமுங்க. நாலு எருது கட்டறேன். பாவாயியும் அதுலயே வந்துரட்டுமுங்களே. வெயிலுக்கு முன்னாடி சேந்துரலாம்."

"நீங்க முன்னாடி போங்க சகலை. நாங்க மத்தியானச் சோத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலே போதும். டயர் வண்டிக்கு ஆறு ஒரு தூரமா?"

பாவாயி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சகலையோடு போய்விட ஆசைதான். ஆனால் செல்லாயியோடு ஒரே வண்டியில் போய் இறங்குவதா? அந்த ஒரு தயக்கத்தில் அவள் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் வாய் திறக்காமல் இருந்த சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதையும் நான் வீணாக்கினேன்.

புதன்கிழமை மத்தியானம் வண்டி கட்டினேன். கல்யாணத்துக்கு எங்கள் தோட்டத்து வாழைத்தார்கள், வெற்றிலைக் கட்டுகள், எருதுகளுக்குக் கொஞ்சம் வைக்கோல். அவற்றுக்கு நடுவே பாவாயி, கண்டாங்கிச் சேலையும் கொண்டை நிறையக் கதம்பமுமாக. இட்டேரி முடிகிற வரைக்கும் நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இட்டேரி முடிந்தது. தடம் முடிந்தது. பாட்டும் முடிந்தது.

ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும்போது வண்டி இடமும் வலமுமாகத் தேர் மாதிரி அசைந்தது. பாவாயி இரண்டு வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"என்னுங்க இது, ஊஞ்சலாட்டம்?"

"மணல் வரட்டும்."

மணல் வந்தது. வண்டியை நிறுத்தி, பத்திரிகையில் சொன்னபடி காற்றைக் குறைத்தேன். டயர் தளர்ந்து தரையில் விரிந்தது. ஓட்டினேன். நம்புங்கள், கொஞ்ச தூரம் புதையாமல் போயிற்று! அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டவற்றை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அக்கரையில் கூட்டம் கூடியிருப்பது தெரிந்தது. மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. நடு ஆற்றில் ஒரு பழைய தண்ணீர்ப் பள்ளம் குறுக்கிட்டது. எருதுகளை வலது பக்கம் திருப்பினேன்.

திரும்பியது எருதுகளும் வண்டியும் சக்கரமும் மட்டும்தான். டயர் திரும்பவில்லை. அது நேரே போக விரும்பிற்று. ஒடுங்கிய சக்கரத்தில் பாதி உட்கார்ந்து பாதி பிதுங்கி நின்ற அதன் உதட்டைப் பிடித்துவைக்கக் காற்றும் இல்லை. இடது டயர் மெதுவாகச் சாய்ந்து சக்கரத்தைவிட்டு வழுக்கி வெளியே வந்தது. உள்ளே இருந்த டியூப் வழிந்து, ஒரு பெரிய குமிழியாக உப்பி, எருதுகளும் நானும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தபோது, வெடித்தது.

எருதுகள் நுகத்தடியை உதறிக்கொண்டு போயின. வண்டி இடப்பக்கம் குடை சாய்ந்தது. வாழைத்தார்கள் உருண்டன. பாவாயி உருளவில்லை, ஒரு தாரின்மேல் உட்கார்ந்த நிலையிலேயே மணலுக்கு வந்து சேர்ந்தாள். டயர் இல்லாத அந்த நாலே கால் அங்குலச் சக்கரம், இரும்புப் பட்டைச் சக்கரத்தைவிட ஆழமாக, அச்சு வரைக்கும் மணலில் இறங்கியது. மணலில் புதையாத வண்டியை நான் அந்த இடத்தில், வைகாசி வெயிலில், என் கையாலேயே நட்டுவைத்துவிட்டேன்.

அக்கரையில் கூட்டம். அவர்களிடமிருந்து நாலு பேர் வந்தால் போதும். மேல்துண்டை அவிழ்த்து, தலைக்கு மேலே சுழற்றி வீசினேன்.

அக்கரையிலும் நாலைந்து துண்டுகள் சுழன்றன.

இன்னும் வேகமாக வீசினேன். அவர்களும் வேகமாக வீசினார்கள். மேளக்காரர்கள் உற்சாகமாக அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கொம்பு ஊதினார். டயர் வண்டிக்காரர், எல்லாரும் பார்க்கட்டும் என்று, நடு ஆற்றில் நிறுத்திக் காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஆள் அனுப்பிப் பெருமையடித்தவன் நான்தானே! கத்திப் பார்த்தேன். என் கூப்பாட்டை அந்த மேளம் விழுங்கிவிட்டது.

"ஏனுங்க, நான் நடந்து போயிர்றேன்," என்றாள் பாவாயி.

இந்த இடத்தில் பேனா கொஞ்சம் தயங்குகிறது. அவளை அப்போதே விட்டிருந்தால், எல்லாம் சரியாகப் போயிருக்கும். பொழுது இருந்தது. மணல் கொதித்தாலும் அவள் போயிருப்பாள். நான்தான் தடுத்தேன். எல்லாருக்கும் நடுவில் என் பெண்டாட்டி நடந்து போய்க் கரையேறுவதா?

"ஒரு நிமிஷம் இரு. டயருக்குள் வைக்கோலைத் திணித்துச் சக்கரத்தில் ஏற்றிவிடுகிறேன்."

"வேண்டாமுங்க."

"ஒரே நிமிஷம்."

அவள் இருந்தாள். நான் வைக்கோலைத் திணித்தேன். போதவில்லை. வாழைத்தார்களில் சுற்றியிருந்த சருகைத் திணித்தேன். அதுவும் போதவில்லை. கடைசியில் கல்யாணத்து வெற்றிலைக் கட்டுகளையும் திணித்தேன். (இதைப் பாடபேதம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். பாவாயி நேரில் கண்ட சாட்சி.) மணலைப் பறித்துச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரை அதில் நெம்பி ஏற்றி, எருதுகளைப் பிடித்துவந்து பூட்டுவதற்குள் நிழல் நீண்டுவிட்டது. பாவாயி அடிக்கடி மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டில் எதன்மேல் அவளுக்கு அதிகக் கோபம் என்று தெரியவில்லை.

வண்டி ஒரு பத்துப் பன்னிரண்டு அடி நகர்ந்தது. டயர் மறுபடியும் கழன்றது. இந்த முறை உள்ளே இருந்து வைக்கோலும் வெற்றிலையும் சரிந்தன.

அக்கரையில் மேளம் நின்றது. கூட்டம் கலைந்து ஊருக்குள் போவது தெரிந்தது. சடங்குக்கு நேரமாயிற்று.

பாவாயி எழுந்தாள். சரிந்த வெற்றிலைக் கட்டுகளின் வாழை மட்டையைக் கிழித்து இரண்டு உள்ளங்காலிலும் வைத்து நாரால் கட்டிக்கொண்டாள். கண்டாங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள்.

"பாவாயி..."

"நீங்க உங்க டயரைப் பாருங்க சாமி."

போய்விட்டாள். அந்த மணலில் அவள் நடக்கவில்லை, ஓடினாள். கொண்டைக் கதம்பம் அவிழ்ந்து வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் மணலில் உட்கார்ந்தது அப்போதுதான். மூன்றாவது பாடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

பிறகு எருதுகளைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். வாய்க்காலைத் தாண்டி, மாமனார் வீட்டு வாசலை அடைந்தபோது பந்தலில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முத்துசாமி மணையில் நின்றுகொண்டிருந்தான். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிடுக்கில். மறு முனை செல்லாயியின் கையில்.

பாவாயி கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தாள். முழங்கால் வரை ஈரம். ஈரத்தில் ஒட்டிய மணல். அவளும் அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். செல்லாயி அவளைப் பார்த்தாள். நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், பின்வாங்கி, முனையைப் பாவாயி பக்கம் நீட்டினாள்.

"அக்கா வந்துருச்சுங்க," என்றாள் அருமைக்காரரிடம்.

"நில்லு அம்மிணி. குடுத்த மொனையை மாத்திக் குடுக்கற வழக்கம் இல்லை," என்றார் அவர். "பாவாயி, நாங்களும் முடிஞ்ச மட்டும் பாத்தோம் கண்ணு. பொழுது உழுந்துருச்சு."

"செரிங்க," என்றாள் பாவாயி. அவ்வளவுதான். முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் என் மாமனார் என்னைக் கண்டார். அவருக்கு நிஜமாகவே கவலை. கேலி செய்யும் சுபாவம் இல்லாதவர்.

"வாங்க மாப்பிள்ளை. வாழைத்தாரெல்லாம் எங்கீங்க?"

"மணல்ல இருக்குதுங்க மாமா."

"வண்டி?"

"அதுவும் மணல்லதான் இருக்குதுங்க."

"பந்திக்கு வெத்தலை?"

"டயருக்குள்ள இருக்குதுங்க."

முதலில் சிரித்தது மேளக்காரர். அப்புறம் பந்தலே சிரித்தது. அருமைக்காரர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: நான், பாவாயி, செல்லாயி.

டயருக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு எனக்கு ஒன்றிரண்டு வருஷங்கள் கழித்துத்தான் விளங்கியது. பெரிய டயரை ஒடுங்கிய சக்கரத்தில் மாட்டினால், அதன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி நிற்கச் சொல்வது போலாகும். பக்கங்கள் பிதுங்கும், முதுகு உருளும், தரையில் நடு முதுகு மட்டும் படும். காற்றைக் குறைத்தால் பிடிப்பும் போய்விடும். அந்த ஆறரை அங்குலச் சக்கரத்தைப் போட்டு, இட்டேரித் தடத்தை மண்வெட்டியால் கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தால், பாவாயி வண்டியில் உட்கார்ந்தபடியே போய் இறங்கியிருப்பாள். இட்டேரியை வெட்டலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? பாதை மாறாது, உலகம்தான் அதற்குள் அடங்க வேண்டும் என்று நம்புகிற ஊரில் பிறந்துவிட்டேன்.

அந்த வீட்டில் அதற்கப்புறம் எத்தனையோ நல்லது நடந்தது. ஒவ்வொன்றிலும் முதல் சேலை செல்லாயிக்கு, இரண்டாவது பாவாயிக்கு. பாவாயி அதை வாங்கிக்கொண்டு வந்து, பெட்டியில் வைக்காமல், நான் படித்துக்கொண்டிருக்கும் பத்திரிகையின்மேல் வைப்பாள். நான் அந்தப் பக்கத்தை அதற்கு மேல் படிக்கமாட்டேன்.

"மணல்ல இருக்குது" என்பது இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்காகிவிட்டது. தபால் வரவில்லையா? மணல்ல இருக்குது. பரீட்சை முடிவு என்னாச்சு? மணல்ல இருக்குது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில்? அதுவும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வருகிறவர்களுக்கு உப்புப் பானை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

போன தை மாதம் முத்துசாமி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். இப்போது ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது. நாங்கள் பஸ்ஸில் போனோம். (பாவாயி முந்தின நாளே போய்விட்டாள். எந்த விசேஷத்துக்கும் அவள் இப்போதெல்லாம் முந்தின நாளே போய்விடுவாள்.) செல்லாயி எருமப்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் வருகிற பஸ் நாமக்கல் தாண்டி எங்கேயோ நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பழைய அருமைக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகன்தான் நடத்திவைத்தார்.

"நேரமாச்சுங்க. கூடப்பொறந்தவங்களே இங்க இருக்கறாங்க. முதல் சேலையை இவங்களுக்கே குடுத்துரலாமுங்க," என்றார்.

எல்லாரும் பாவாயியைப் பார்த்தோம். முத்துசாமி சேலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டான். இவ்வளவு காலமாக நான் பட்ட பாட்டுக்கு இன்றோடு ஒரு முடிவு என்று நினைத்தேன்.

"செல்லாயி அத்தை மணல்ல இருக்குதுங்க!" என்றான் முத்துசாமியின் மூத்த மகன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாவாயி சிரிக்கவில்லை. "தட்டைக் கீழ வையி சாமி," என்றாள் தம்பியிடம். "செல்லாயி வரட்டும். நடுவழியில நிக்கறவ நெஞ்சு எப்படி அடிச்சுக்கும்னு உங்களுக்கெல்லாம் தெரியாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

வெகு நேரம் கழித்து பஸ் வந்தது. செல்லாயி படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பல்லெல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. வேர்த்து விறுவிறுத்து நின்றவள், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"ஏனுங்க மச்சான், பஸ்ஸு டயரு வெடிச்சுப் போச்சுங்க. அதையும் நீங்கதான் அளந்து குடுத்தீங்களா?"